முறுக்கிப் பிழிந்த கை

தரை துடைக்கும் மாப்பை முறுக்கிப் பிழிவதில் பெரியக்காவை மிஞ்ச அந்த அலுவலகக் கட்டடத்தில் ஆள் கிடையாது. மற்றவர்கள் வாளியோடு வந்த பிழியும் கூடையில் மாப்பை வைத்துக் கைப்பிடியை அமுக்குவார்கள். அவள் மட்டும் வெறுங்கையால் முறுக்குவாள். "அந்த டப்பால பிழிஞ்சா தரை எப்படிம்மா காயும்?" என்று பெருமை வேறு.

அந்தக் கைதான் இப்போது காலை வாரியது. விடியும்போது பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் எறும்பு மொய்த்ததுபோல் குறுகுறுக்கும். முதலில் உதறினால் போனது. பிறகு உதறினாலும் போகவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தபின் ஓரறை வீட்டில் அவள் ஒருத்திதான். மகள் ஃபோன் செய்தால் "நல்லாருக்கேன்" என்பதோடு சரி. கை சரியில்லை என்று தெரிந்து வேலையைவிட்டு அனுப்பிவிட்டால்? அவளிடம் நாலு வார்த்தை பேச ஆள் இருக்கிற இடம் அது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டாள்.

உடை மாற்றும் அறையில் மாட்டிக்கொண்டாள். சீருடைச் சட்டையைப் பட்டன் கழற்றாமலே தலைவழியாக உருவுவதை, உடன் வேலை செய்யும் 'ரேடியோ' பார்த்துவிட்டாள். ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர்.

"என்னக்கா, பட்டன் கடிக்குதா?"

"அவசரம்டி."

"அவசரப்பட உனக்கு வீட்ல யாரு காத்திருக்கா?"

சொன்ன பிறகுதான் ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியக்காவின் கண் நிறைந்துவிட்டது. "பட்டனைப் பிடிக்க வரலடி. விரல் இருக்குதான்னே தெரியல."

அன்றே அவளை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள் ரேடியோ. மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். முறுக்கிப் பிழியக் கூடாது. வேலைக்கு நடுவே கைக்கு ஓய்வு வேண்டும். படுக்கும்போது மணிக்கட்டு மடங்காதபடி பட்டை கட்ட வேண்டும்.

"கையை எப்படி வெச்சுத் தூங்குவீங்க?"

"மடக்கிக் கன்னத்துக்கு அடியில வெச்சுக்குவேம்மா. பக்கத்துல யாரோ இருக்கற மாதிரி இருக்கும்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இனிமே அப்படி வேண்டாம்மா," என்றார் மெதுவாக. "இன்னும் தள்ளிப்போட்டா விரல்ல பலமே இல்லாம போயிடும்."

மறுநாள் பெரியக்கா கூடையில் மாப்பை அமுக்குவதைப் பார்த்துச் சூப்பர்வைசர் நின்றார்.

"என்ன பெரியக்கா, நீங்களும் டப்பாவுக்கு வந்துட்டீங்க? தரை ஈரமா கெடந்தா எனக்குல்ல திட்டு விழும்?"

வேலையைவிட்டு அனுப்பிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்தான். ஆனாலும் சொன்னாள்.

"கையில நரம்பு நசுங்குது சார். இனிமே இதுலதான் பிழிவேன், நடுநடுவுல நின்னு கையை ஆத்திக்குவேன். தரை கொஞ்ச நேரத்துல காஞ்சிடும். கை போனா திரும்பி வருமா? பெருமைக்குப் பிழிஞ்சதும் தப்பு, பயந்து மறைச்சது அதைவிடத் தப்பு. மரத்துப்போனா அன்னிக்கே யார்கிட்டயாவது வாயைத் திறந்து சொல்லிடணும் சார்."