லெஃப்சே என்று கத்தியவர்கள்

கர்ட் ராட்கியின் மூக்கை உடைத்தே தீருவது என்று நான் முடிவு செய்த இடம் ஒரு மளிகைக் கடையின் வாகன நிறுத்தம். ஏப்ரல் மாதம். டகோட்டாவில் அப்போதும் பனி முழுதாக உருகியிருக்காது. ஒரு கையில் பால் கேன், இன்னொரு கையில் போன். காயா நெஸ் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: "கோச், நான் வெஸ்ட்மோருக்குப் போறேன். எல்லாத்துக்கும் நன்றி." பின்னால் ஒரு சிவப்பு இதயம் வேறு. பால் கேனை வண்டியின் மேல் வைத்துவிட்டு மறந்துபோய், அப்படியே ஓட்டி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காயாவை நான்தான் கண்டுபிடித்தேன். தானியக் கிடங்கின் சுவரில் அவள் அப்பா ஒரு கூடைப்பந்து வளையத்தை அறைந்து வைத்திருந்தார். அதன் கீழே சரளைக் கல்லில் பந்து தட்டிக்கொண்டிருந்தாள். குள்ளம் என்று வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் பயிற்சி கொடுக்கும் ஹோல்டன் கல்லூரிக்கு அழைத்துவந்து, இடது கையால் பந்து தட்டக் கற்றுக்கொடுத்து, எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்கப் பழக்கி, எங்கள் தொடரிலேயே சிறந்த ஆட்டக்காரியாக ஆக்கினேன். ஆக்கி முடித்ததும் வெஸ்ட்மோரின் பயிற்சியாளர் ராட்கி வந்து அள்ளிக்கொண்டு போனான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளையாடுகிற பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று பேசுகிற ஆள் இல்லை நான். காலகாலமாக அவர்கள் வியர்வையில் மற்ற எல்லோரும் கொழுத்தார்கள். இப்போது அவர்களுக்கும் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். வெஸ்ட்மோர் பல்கலைக்கழகம் காயாவுக்குக் கொடுத்த பணத்தில் எங்கள் குழு முழுவதும் ஒரு பருவம் ஊர் ஊராகப் போய் ஆடியிருக்கும். அதுகூடப் போகட்டும். எங்கள் தொடர் முடிவதற்கு முன்பே, அரையிறுதி நடந்த அதே வாரத்தில், அவளுடைய அத்தை மகன் மூலமாக ராட்கி தூது விட்டிருக்கிறான். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அரையிறுதியில் காயா ஏன் பேயறைந்தவள் போல ஆடினாள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அதோடு விட்டானா? வானொலியில் வேறு பேசினான். "ஹோல்டன் மாதிரி சின்ன காலேஜெல்லாம் எங்களுக்கு நாற்றங்கால் மாதிரிங்க. அவங்க விதைக்கிறாங்க, நாங்க பிடுங்கி நடறோம். அவங்களுக்கும் அதுல பெருமைதானே?" பேட்டி எடுத்தவன் கெக்கெக்கே என்று சிரித்தான். வானொலியைப் பட்டென்று அணைத்தேன்.

மே மாதத்தில் மெர்ல் ஓபெர்க் என்னைக் கூப்பிட்டார். எங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறையை நடத்துகிறவர். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். மேஜையில் இருந்த காகிதக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே பேசினார்.

"மார்னா, போர்டுல பேசிட்டாங்க. மல்யுத்தம் போன வருஷமே போச்சு. அடுத்தது உங்க டீம்தான்னு சொல்றாங்க."

"என்ன காரணமாம்?"

"காயா போயிட்டா. இனி டிக்கெட் யாரு வாங்குவா? யாராவது பெரிய இடத்துல காசு குடுத்து ஆடக் கூப்பிட்டாத்தான் உண்டு. அதுவும் ஒரு வருஷத்துக்குப் பத்தாது, தொடர்ந்து வரணும். இல்லேன்னா இழுத்து மூடிடுவாங்கம்மா."

பெரிய பல்கலைக்கழகங்கள் பருவத் தொடக்கத்தில் எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிகளைக் காசு கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைப்பார்கள். நாங்கள் போய் நன்றாக அடி வாங்கிக்கொண்டு, காசோலையையும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். அவர்களுக்கு ஒரு சுலபமான வெற்றி, எங்களுக்கு ஒரு வருடச் சோறு. இந்தத் தொழிலில் யாரும் இதற்கு வெட்கப்படுவதில்லை.

அன்றைக்கே ராட்கிக்குப் போன் போட்டேன். குரலில் தேன் ஒழுகியது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"கர்ட், வாழ்த்துகள். காயா நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கா."

"அட, மார்னா! நீங்க கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"கோவப்பட்டு என்ன ஆகப்போகுது? ஒரு உதவி வேணும். டிசம்பர்ல எங்களுக்கு ஒரு ஆட்டம் குடுங்களேன். பிள்ளைங்களும் காயாவைப் பார்த்த மாதிரி இருக்கும்."

"அவ்வளவுதானே? தாராளமா வாங்க."

"மூணு வருஷத்துக்கா எழுதிக்கலாமா? இங்க போர்டு என் கழுத்தைப் பிடிக்குது. மத்தவங்க வாங்கறதைவிடக் கம்மியா வாங்கிக்கறோம்."

சிரித்தான். மூன்று வருடத்துக்கு மூன்று சுலபமான வெற்றி, அதுவும் மலிவு விலையில். மறுவாரமே ஒப்பந்தம் வந்தது. எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கிற வழக்கமான ஷரத்து அதிலும் இருந்தது: ஆட்டத்தை ரத்து செய்கிறவர் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். ராட்கி கையெழுத்துப் போட்டான். போர்டு எங்களுக்கு மூன்று வருடம் உயிர்ப்பிச்சை கொடுத்தது.

மெர்லுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. "போய்ட்டு வாங்க, தோத்துட்டு வாங்க, செக்கோட வாங்க. அவரை வம்புக்கு மட்டும் இழுக்காதீங்க. கடுப்பாகி ரத்து பண்ணிடப் போறாரு."

"பண்ணட்டுமே. பண்ணா மொத்தமா கட்டணும்."

மெர்ல் நிமிர்த்திக்கொண்டிருந்த கிளிப் கீழே விழுந்தது. "மார்னா, உங்க மனசுல என்ன இருக்கு?" என்றார்.

உண்மையில் அப்போது என் மனதில் கோபம் இருந்ததே தவிர வழி இருக்கவில்லை. அவர்களை எதை வைத்துத் தோற்கடிப்பது? காயாவை விட்டுவிட்டால், எங்கள் உயரமான பெண் அவர்களுடைய குள்ளமான பெண்ணின் தோளுக்குத்தான் வருவாள். வழியை ராட்கியே தட்டில் வைத்துக் கொடுத்தான்.

நவம்பரில் வெஸ்ட்மோரின் முதல் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காயா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். கையை உயர்த்தி "லெஃப்சே!" என்று கத்தினாள். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

லெஃப்சே என்பது எங்கள் ஊர் நார்வேக்காரர்கள் தேவாலய விருந்தில் சுடும் உருளைக்கிழங்கு ரொட்டி. எங்கள் குழுவின் ஆட்ட உத்திகளுக்கு நான் அந்த விருந்துச் சாப்பாட்டின் பெயர்களைத்தான் வைத்திருந்தேன். லெஃப்சே என்றால் ஒருத்தி ஓடிவந்து எதிராளியை மறைத்து நிற்க, காயா வலப்பக்கமாக நழுவிப் போவாள். ஹாட்டிஷ் என்றால் பந்து மூலைக்குப் போகும். ருபார்ப் என்றால் வளையத்தின் அடிக்கு. வெஸ்ட்மோரில் ஒருத்திகூட லெஃப்சேயைக் கண்ணால் கண்டிருக்க மாட்டாள். இருந்தும் ராட்கியே ஓரத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "லெஃப்சே! லெஃப்சே!" என்று அலறினான்.

ஐந்து கல்லூரிகளிலிருந்து ஐந்து பெண்களை விலைக்கு வாங்கியவனுக்கு, அவர்களை உட்காரவைத்துப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க நேரம் ஏது? பந்து காயாவின் கையில் இருப்பதால் காயாவுக்குத் தெரிந்ததையே எல்லோருக்கும் பழக்கிவிட்டான். ஆளைத் திருடினான் சரி, என் சமையலறையையும் சேர்த்து அல்லவா தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்! நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஏப்ரலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அடுத்த நாள் பயிற்சியில் வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். காயாவின் இடத்தில் இப்போது ஆடுகிற ஹெட்டி ப்ரூன் முதலில் பிடித்துக்கொண்டாள்.

"கோச்! நம்ம வீட்டுச் சாப்பாட்டையே நமக்குப் பரிமாறப் போறாங்களா?"

"ஆமாண்டி. பரிமாறட்டும், சாப்பிடுங்க. ஆனா கடைசிப் பந்தி வரைக்கும் யாரும் இலையில கை வைக்கக் கூடாது."

"ஏன் கோச்? முதல்லயே அடிச்சுடலாமே?"

"முதல்லயே அடிச்சா பேரை மாத்திடுவான். கடைசியில அடிச்சா மாத்த நேரம் இருக்காது."

மூன்று வாரம் எங்கள் உத்திகளை நாங்களே உடைத்துப் பழகினோம். நான் கட்டியதை நானே இடிக்கிற வேலை. ஒவ்வொரு செங்கலும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

வெஸ்ட்மோர் அரங்கில் எங்கள் ஊர் ஜனத்தொகையைப் போலப் பல மடங்குக் கூட்டம். உள்ளே நுழைந்ததும் ராட்கி என் தோளைத் தட்டினான். "ரொம்ப அடிக்க மாட்டோம், பயப்படாதீங்க" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். காயா தூரத்தில் நின்று தலையசைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் முதல் மூன்றிலும் "லெஃப்சே" என்று கேட்டபோதெல்லாம் என் பிள்ளைகள் ஒன்றும் தெரியாதவர்கள் போல ஏமாந்தார்கள். நடிப்பு என்றால் அப்படி ஒரு நடிப்பு. ஆனால் மற்ற எல்லாவற்றிலும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஹெட்டி தூரத்திலிருந்து எறிந்ததெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. கடைசிப் பகுதி தொடங்கியபோது ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். ராட்கி ஒரு நன்கொடையாளரோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தினேன். "இப்ப சாப்பிடுங்கடி" என்றேன்.

காயா கையை உயர்த்தி "ருபார்ப்!" என்றாள். ஹெட்டி பந்து வருமுன்பே வளையத்தின் அடியில் போய் நின்றாள். பறித்துக்கொண்டு ஓடிப் போட்டாள். "ஹாட்டிஷ்!" என்றார்கள். மூலைக்குப் பறந்த பந்தை எங்கள் பெண் பாதி வழியிலேயே பிடித்தாள். "லெஃப்சே!" என்று ராட்கி அலறினான். காயா வலப்பக்கம் நழுவிய இடத்தில் என் பிள்ளைகள் இரண்டு பேர் சுவர் மாதிரி நின்றார்கள். மோதி விழுந்தாள். கூட்டம் மெதுவாக அடங்கியது. அந்த அமைதியை நான் அணுஅணுவாக ரசித்தேன்.

ராட்கிக்கு என்ன நடக்கிறது என்று புரியவே நேரம் பிடித்தது. புரிந்ததும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, காயாவைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்தினான். கத்தி என்ன செய்ய? அவர்களுக்கு வேறு உத்தி தெரியாது. நாங்கள் நான்கு புள்ளியில் ஜெயித்தோம்.

கைகுலுக்கும் வரிசையில் காயா எனக்கு எதிரே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பேரை மாத்தச் சொல்லி ரெண்டு தடவை சொன்னேன், கோச். ஹோல்டன்தானே, அவங்களால என்ன பண்ண முடியும்னாரு."

"அப்படியா சொன்னான்?"

"ஆமா." என் கையை விடாமல் நின்றாள். "நான் திரும்பி வந்தா... எனக்கு இடம் இருக்குமா?"

"உன் இடத்துல ஹெட்டி இருக்கா" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டேன். அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்றுதான் அப்போது இருந்தது.

அடுத்து ராட்கி. முகம் வேகவைத்த பீட்ரூட் போல இருந்தது. "இனி இந்த வாசப்படியை மிதிச்சுடாதீங்க" என்றான் அடிக்குரலில்.

"அடுத்த டிசம்பர்ல மிதிப்பேன் கர்ட். அதுக்கடுத்த டிசம்பர்லயும். வேண்டாம்னா பணத்தைக் கட்டிடுங்க. கையெழுத்து உங்களுதுதானே?"

கட்டினான். மார்ச் மாதத்தில், மீதி இரண்டு ஆட்டங்களையும் ரத்து செய்து, முழுத் தொகையையும் அனுப்பினான். என் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒருவன் அவ்வளவு பணம் கொடுத்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் சோறு கூடுதலாக இறங்குகிறது.

மெர்ல் இந்த முறை கிளிப்பைத் தொடவே இல்லை. "போர்டு உங்க டீம் பக்கமே இனி வராது, மார்னா. பணத்துல ஒரு பங்கு உங்களுக்குன்னு ஒதுக்கியாச்சு. நல்ல பிள்ளைங்களைப் பிடிச்சு வெச்சுக்கங்க."

பிடித்தேன். மொன்டானா மலையடிவாரத்தில் கார்வர் என்று ஒரு கல்லூரி. எங்களைவிடச் சின்னது, பேருந்துக்குப் பதிலாக இரண்டு வேன்களில் போய் ஆடுகிறவர்கள். அங்கே பிரிட்டா லண்ட் என்று ஒரு பெண், கண்ணை மூடிக்கொண்டு பந்து போடுவாள். அவர்கள் தொடர் முடியும் முன்பே அவளுடைய பள்ளிக்காலப் பயிற்சியாளரைக் கூப்பிட்டு, சும்மா விசாரிப்பது போல விசாரித்தேன். ஏப்ரலில் அவள் ஹோல்டனுக்கு வந்துவிட்டாள்.

மே மாதத்தில் போன் மணி அடித்தது. கார்வரின் பயிற்சியாளர் டோனா ப்ரெஸ்லர்.

"மார்னா, வாழ்த்துகள்" என்றாள். "பிரிட்டா நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கா."

"நீங்க கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன், டோனா."

"அய்யோ, எதுக்குக் கோவம்? ஒரு சின்ன உதவிதான். டிசம்பர்ல எங்களுக்கு ஒரு ஆட்டம் குடுங்களேன். பிள்ளைங்களும் பிரிட்டாவைப் பார்த்த மாதிரி இருக்கும்."

குரலில் தேன் ஒழுகியது. அந்தத் தேனை நான் நன்றாக அறிவேன்.

"ஒரு ஆட்டம்தானே?" என்றேன்.

"மூணு வருஷத்துக்கா எழுதிக்கலாமே" என்றாள் டோனா.