ரொக்கத்துக்கு ஒரு வீடு

வீட்டைப் பார்க்க ஆள் வருவதாக வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்ததால், அகமது பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் சாப்பாட்டுக் கடையை மதியமே சாத்திவிட்டுக் கிள்ளானுக்கு வந்துவிட்டார். வந்து மட்டும் என்ன செய்யப்போகிறார்? வாடகைக்குக் குடியிருப்பவர், அவ்வளவுதான். ஆனாலும் மகளைப் பெண் பார்க்க வரும் நாள்போல் சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

கொரோனாவுக்கு முன்பே அந்த அம்மா இதே வீட்டை வாங்கிக்கொள்கிறீர்களா என்று முதலில் அவரிடம்தான் கேட்டார். லோன் போட்டு வாங்கிவிடலாம் என்றாள் மனைவி ரம்லத். வட்டி ஹராம் என்றார் அகமது. வட்டியில்லாத இஸ்லாமியக் கடன் இருக்கிறதே என்று எடுத்துச் சொன்னாள்.

"பேர மாத்திட்டா வட்டி வட்டியில்லாம போயிருமா?"

ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சேர்த்ததிலும் குறையில்லை. அன்றைக்குச் சொன்ன விலையை எட்டிப் பிடித்தபோது, விலை அங்கே இல்லை.

கடைக்குத் தேநீர் குடிக்க வரும் வங்கிக்காரன் கணேஷ்தான் விளக்கினான். கொரோனாவில் பெரிய நாடுகள் பணத்தை அச்சடித்துத் தள்ளினவாம், எங்கும் வட்டியைக் குறைத்தார்களாம். அந்தப் பணம் ஊர் ஊராகப் போய் வீடு, நிலம் என்று உட்கார்ந்துகொண்டு, பிறகு எண்ணெய், மாவு, கோழி என்று அடுப்படி வரை வந்துவிட்டதாம்.

"உங்க பணம் குறையல பாய். மத்த பணம் கூடிப்போச்சு, அவ்வளவுதான் லா."

அன்று காலைதான் அகமதுவும் ரொட்டி சானாய் விலையை ஏற்றியிருந்தார். அதனால் அவன்மேலும் கோபப்பட முடியவில்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. தொழுகையில்கூட யாருக்கு எதிராக முறையிடுவது என்று அவருக்கு விளங்கவில்லை.

வந்தவர்கள் ரவாங்கிலிருந்து ஓர் இளம் தம்பதி, யுவராஜும் அபிராமியும். பார்க்கச் சிறுபிள்ளைகள்போல் இருந்தார்கள். ஓய்வு பெறும் வயது வரைக்கும் கடன் கட்டுவார்களாம். நன்றாக யோசித்தீர்களா என்று அகமது கேட்டுவிட்டார்.

"பயமாத்தான் இருக்கு அங்கிள்," என்றாள் அபிராமி. "ஆனா இப்ப விட்டா அப்புறம் வாங்கவே முடியாது."

அவருக்கு அந்தப் பெண்மேல் பொறாமையாகவும் பாவமாகவும் இருந்தது.

யுவராஜ் சமையலறைச் சுவரை அளக்க முயன்றான். டேப்பின் நுனி நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த ரம்லத் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போய், நுனியைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினாள்.

"கொஞ்சம் எறக்கிப் பிடிங்க ஆன்டி," என்றான்.

இறக்கிப் பிடித்தாள்.