கடைசிக் கணினியின் முகவரி

காலை ஆறேகாலுக்கு அழைப்புமணி அடித்தபோது றீற்றா சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு அன்று காலை வேலை. மேல்மாடிக்காரி சாவியை மறந்துவிட்டாளாக்கும் என்று கதவைத் திறந்தாள். வாசலில் நான்கு பேர். இருவர் பொலிஸ் சீருடையில். முன்னால் சாதாரண உடுப்பில் நின்றவர் ஒரு காகிதத்தைப் பார்த்து, மகளின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

ஜசிந்தா வாயில் பல் தூரிகையுடன் வெளியே வந்தாள். காகிதத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் வாசித்தாள். வீட்டைச் சோதனையிட நீதிமன்றம் தந்த உத்தரவு. மூன்று கிழமைக்கு முன்னர், 2009 மார்ச் நடுவில், ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மிரட்டல் மின்னஞ்சல் போயிருக்கிறது. அது வந்த இணைய முகவரி அவள் ஒரு கம்பனியில் வாடகைக்கு எடுத்து அங்கேயே ஓடவிட்டிருக்கும் கணினியுடையது.

"நான் எழுதவில்லை," என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். "அந்தக் கணினி வழியாக யார் வேண்டுமானாலும் போகலாம். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறேன்."

"அதைப் பிறகு பேசலாம்," என்றார் அவர். லின்ட்னர் என்று பெயர். குரலில் கோபம் இல்லை, தூக்கம்தான் இருந்தது.

இரண்டு மணித்தியாலம் தேடினார்கள். இரண்டு கணினி, கைத்தொலைபேசி, றீற்றா வைத்திருந்த தேவாலயப் பாட்டு சீடிகள்வரை பெட்டியில் போட்டு எண் ஒட்டினார்கள். றீற்றா கோட்டைக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் இருந்தாள். சீருடைக்காரர் தன் அலுமாரியைத் திறப்பதை அவள் யாழ்ப்பாணத்திலும் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அந்தமுறை அவர்கள் கொண்டுபோன புருசன் வீடு திரும்ப மூன்று மாதம் எடுத்தது. இப்போது அவரும் உயிரோடு இல்லை.

அவர்கள் போன பிறகு, "என்ன பிள்ளை செய்தனி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்டும் செய்யேல்லை அம்மா. ஆரோ செய்ததுக்கு என்ரை முகவரி பட்டிருக்கு."

ஜசிந்தாவுக்கு வயது இருபத்தொன்பது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு சிறிய நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முகம் காட்டாமல் இணையத்தில் போகவிடும் ஒரு வலையமைப்பைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. ஒருவர் ஒரு பக்கத்தைப் பார்க்க விரும்பினால் அவருடைய வேண்டுகோள் மூன்று கணினிகள் கைமாறிப் போகும். ஒவ்வொன்றுக்கும் தனக்கு முன்னும் பின்னும் நிற்பது மட்டுந்தான் தெரியும். கடைசிக் கணினிதான் அந்தப் பக்கத்தின் கதவைத் தட்டும், அதன் முகவரிதான் அங்கே பதிவாகும். ஊர் ஊராக ஆட்கள் தங்கள் கணினிகளை இதற்கு இரவலாகக் கொடுத்திருந்தார்கள். அவளுடையது கடைசியில் நிற்கும் வகை.

முதலில் அது தொழில் ஆசைதான். பிறகு இலங்கையில் அரசாங்கம் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றை மறித்தது. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த றீற்றாவின் தம்பி சூசைதாசன், "பிள்ளை, பக்கம் திறக்குதில்லை," என்று தொலைபேசியில் சொன்னார். ஒன்றரை மணித்தியாலம் அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து அந்த வலையமைப்பின் மென்பொருளைப் போடவைத்தாள். அவருடைய மகள் பேர்பெச்சுவா போர் நடந்த வன்னியில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்தவள். தை மாதத்துக்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அங்கிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட காயக்காரரின் பெயர்ப்பட்டியல் அந்தத் தளத்தில் வரும். சூசைதாசன் நாள்தோறும் அதை மேலிருந்து கீழே வாசித்தார்.

அடுத்த கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. லின்ட்னர் கேட்க, பக்கத்து மேசைப் பெண் தட்டச்சு செய்தாள். கணினி எப்படி இயங்குகிறது என்று ஜசிந்தா படம் போட்டு விளக்கினாள். அவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அப்படியென்றால் எழுதியவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள்."

"என் மகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஊரில் படிக்கிறாள். நான்கு நாள் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவளுக்கு நான் என்ன சொல்ல?"

அந்த மின்னஞ்சலின் பிரதியை ஜசிந்தாவுக்குக் காட்டியிருந்தார்கள். வகுப்பு எண்ணைக்கூடக் குறிப்பிட்டு எழுதியிருந்தான் பாவி. அது தன் கணினி வழியாகத்தான் போயிற்று. போட்டுக் காட்டிய படத்தை அவள் குப்புறத் திருப்பி வைத்தாள்.

"சரி," என்றார் லின்ட்னர். "நல்ல காரியத்துக்கு இதைப் பாவிக்கிற ஒரே ஒருவரைச் சொல்லுங்கள். எழுதிக்கொள்கிறேன். அது உங்களுக்கும் நல்லது."

மாமாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் காத்திருந்தன. இந்தக் கோப்பு எங்கெல்லாம் போகும், யார் கையில் பிரதி கிடைக்கும் என்று ஜசிந்தாவுக்குத் தெரியாது. கொழும்பில் தங்கியிருப்பதற்கே மாமா பொலிசில் பதிந்து வைத்திருப்பவர்.

"எனக்கு யாரையும் தெரியாது," என்றாள்.

அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும்போது, அந்தத் தாள்களிலேயே அந்த ஒரு வரிதான் பொய் என்பது அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் றீற்றா கேட்டாள். "தம்பியின்ரை பேரைச் சொன்னனியோ?"

"இல்லை."

"அது காணும்." தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, தாய் வேலைக்குப் போனாள்.

கணினியை வாடகைக்குக் கொடுத்த கம்பனி ஒரே வரியில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. வேலைத்தளத்தில் சோதனையைப் பற்றி அறிந்த முதலாளி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் முக்கியமான கடவுச்சொற்கள் அவளுக்குச் சொல்லாமலே ஒவ்வொன்றாக மாறின. அவள் ஏனென்று கேட்கவில்லை. கேட்கச் சத்தில்லை.

சித்திரைக் கடைசியில் மாமா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, பேர்பெச்சுவாவின்ரை பேர் இருக்கு. காலிலை காயமாம். வவுனியா ஆசுப்பத்திரியிலை. வயது சரி, தகப்பன் பேரும் சரி."

"எங்கை மாமா பாத்தனீங்கள்?"

"அந்தப் பக்கத்திலைதான். சரியான மெதுவாய் வந்தது. ஆனா வந்தது." பிறகு, "உனக்குத்தான் பிள்ளை நன்றி சொல்லவேணும்," என்றார்.

ஜசிந்தாவின் கணினி நின்று இரண்டு கிழமை ஆகியிருந்தது. அந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தது வேறு யாருடைய கணினியோ. சுவீடனிலோ நெதர்லாந்திலோ ஒரு வீட்டில், அல்லது இன்னொரு ஜெர்மன் ஊரில். அந்த ஆளின் வீட்டுக்கும் காலையில் பொலிஸ் வந்திருக்குமோ என்னவோ. "எனக்கில்லை மாமா," என்று தொடங்கினாள். தாய் பக்கத்தில் வந்து கையை நீட்ட, விளக்காமல் தொலைபேசியைக் கொடுத்துவிட்டாள்.

வைகாசி நடுப்பகுதியில் வன்னியில் போரும் எல்லாமும் முடிந்தது. பேர்பெச்சுவா அகதி முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. மாமா வவுனியாவுக்குப் போய்க் கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அந்த மாதம் ஜெர்மனியிலும் இணையத் தளங்களை மறிப்பதற்கு ஒரு சட்டம் கொண்டுவரப் போவதாகப் பேச்சு. சிறுவர் பாலியல் வன்கொடுமைப் படங்கள் உள்ள பக்கங்களை மறிக்கத்தானாம். தொடங்கும்போது எங்கும் நல்ல காரணம்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. லின்ட்னரின் மகளும் கூடவே ஞாபகத்துக்கு வந்தாள். ஜசிந்தா நூலகக் கணினியில் இருந்து, எதிர்ப்பு மனுவில் தன் முழுப்பெயரையும் முகவரியையும் போட்டுக் கையெழுத்திட்டாள். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் போட்டார்கள். ஆனியில் சட்டம் நிறைவேறியது.

அதே கிழமை அரச வழக்குத் தொடுநர் அலுவலகத்திலிருந்து பழுப்பு உறையில் ஜசிந்தாவுக்குக் கடிதம் வந்தது. வழக்குக் கைவிடப்பட்டது. காரணம் எழுதவில்லை. பெட்டிகளைப் போய் எடுத்துவந்தாள். ஒரு கணினி இயங்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றில் நடுவில் நிற்கும் வகையை வைத்தால் எந்தப் பக்கத்திலும் அவளுடைய முகவரி பதியாது, யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கடைசியில் நிற்க ஆட்கள் குறைவு என்றும் அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை வேறொரு கம்பனியில் கணினி எடுத்தாள். இந்தமுறை முதலே லின்ட்னருக்குக் கடிதம் எழுதினாள்: இன்ன திகதியிலிருந்து, இன்ன முகவரியில், இப்படி ஒரு கணினி என் பெயரில் இயங்கும். கேள்வி இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள்.

றீற்றா மேசையில் கிடந்த கடிதத்தை மெதுவாக வாசித்தாள். ஜெர்மன் அவளுக்கு அரைவாசிதான் பிடிபடும்.

"திரும்பவும் அந்தக் கடைசி ஆள்தானோ நீ?"

"ஓம்."

"வருவினமோ?"

"வரக்கூடும் அம்மா."

றீற்றா கடிதத்தை உறையில் போட்டுத் தானே முத்திரையும் ஒட்டி, வேலைக்குப் போகும் வழியில் போட்டுவிடுகிறேன் என்று கைப்பையில் வைத்துக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. புதிய கணினி வழியாக இன்னும் ஒருவரும் போகத் தொடங்கவில்லை. ஜசிந்தா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, பட்டப்பகலில் சோபாவில் சரிந்து தூங்கிப்போனாள்.