பிறந்த அறைக்கு அடியில்

"உலகெங்கும் வாழும் மெய்யன்பர்களே, மனிதகுல வரலாற்றில் இதுவரை நிகழாததும் இனி நிகழ முடியாததுமான மாபெரும் நிகழ்வு ஒன்று வருகிற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நிகழவிருக்கிறது. மகான் பிறந்தருளிய அறையின் தரையை, விஞ்ஞானம் தானே முன்வந்து, மண்டியிட்டு, தோண்டிப் பார்க்கப்போகிறது. வாகனங்களைப் பின்தெருவில் நிறுத்தவும்."

இந்த அறிவிப்பை இரண்டாயிரம் பிரதி அடித்துக் கொடுத்தது அக்காவின் அச்சகம். மண்டியிடுவதாகச் சொல்லப்பட்ட விஞ்ஞானம், அவளுடைய தங்கை. தொல்லியல் துறையில் பதினெட்டு வருடமாக மண்ணைக் கிளறிச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'மண்ணு'தான்.

முன்னால் அச்சகம், பின்னால் குடித்தனம் என்று அக்கா இருந்த வீடு, பிறந்த அறையின் பின்சுவரை ஒட்டியது. அந்த வரிசையில் பதினான்கு வீடுகள். நிலம் மட்டும் மகான் அறக்கட்டளைக்குச் சொந்தம். திருத்தலத்துக்கே தேவைப்பட்டால் ஒழியக் குடியிருப்பவர்களை எழுப்பக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் ஒப்பந்தத்தில் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். அறக்கட்டளைத் தலைவருக்கு அந்த வரி தொண்டையில் முள்ளாக நின்றது. கடைசியில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். மகான் பிறந்தது வெறும் அறையில் அல்ல, மாளிகையில். அந்த மாளிகை பின்பக்கமாக நீண்டிருந்தது. பதினான்கு வீடும் அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

நீதிமன்றம் ஆதாரம் கேட்டது. தோண்டினால் கிடைக்கும் என்றார் தலைவர். சரி, தோண்டட்டும் என்றது நீதிமன்றம்.

தன் சொந்த அக்கா வீடு பக்கத்தில் இருக்கிறது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று தங்கை எழுதியே கொடுத்தாள். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, "அப்ப சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

மகான் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் அவர் மொத்தம் நான்கு ஊர்களில் பிறந்திருக்கிறார். நான்கிலும் அறை இருக்கிறது, நான்கிலும் உண்டியல் இருக்கிறது. இறந்தது மட்டும் ஒரே ஊரில். அதற்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

திங்கட்கிழமை கூடிய கூட்டம் பன்னிரண்டு மணிக்குள் கலைந்துவிட்டது. கொத்துக்கரண்டியால் ஒருத்தி மண்ணைச் சுரண்டி, சுரண்டியதைச் சலித்து, சலித்ததைப் பையில் போட்டு, பையில் எண் எழுதுவதை எவ்வளவு நேரம்தான் பக்தியோடு பார்க்க முடியும்? தலைவரும் அறக்கட்டளையின் ஆஸ்தான வரலாற்றாசிரியரும் மட்டும் குழியின் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வரலாற்றாசிரியர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதைக் கேட்டாலும் "ஆதாரம் இருக்கு" என்பார். அதனால் ஊரில் அவருக்கு 'ஆதாரம்' என்றே பெயர். அந்த ஆதாரத்தை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மூன்றடி ஆழத்தில் செங்கல் வைத்துக் கட்டிய வட்டக் குழி ஒன்று வந்தது. ஆதாரம் எழுந்து நின்றுவிட்டார்.

"தலைவரே, பிரசவக் கிணறு. மகானை முதல்ல குளிப்பாட்டின தண்ணி இங்கதான்."

"இது கிணறு இல்ல சார்" என்றாள் தங்கை. "கழிப்பறைக் குழி. நானூறு வருஷம் இருக்கும்."

தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நானூறு வருஷமானா வாடை இருக்காதில்ல?"

ஆதாரம் அசரவில்லை. குழியின் அடியிலிருந்து அவள் சலித்தெடுத்த விதைகளைக் காட்டினார். "இதப் பாருங்க, பழ விதை. மசக்கையில அந்தத் தாய் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட பழம். ஆதாரம் இருக்கு."

"அது சாப்பிட்டது இல்ல சார். சாப்பிட்டு முடிச்சது."

சாயங்காலம் இதை அக்காவிடம் சொன்னபோது, அக்கா அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"மாளிகையில கழிப்பறை இருக்காதான்னு கேப்பானுங்கடி. கீழ என்ன இருக்கு, அதச் சொல்லு. இருபத்திரண்டு வருஷம் இந்த வீட்ல இருக்கேன். எழுப்பிட்டானுங்கன்னா மெஷினைத் தலையில வெச்சிக்கிட்டு எங்க போவேன்?"

கீழே இருந்தது களிமண். சாம்பல் நிறத்தில், வெண்ணெய் மாதிரி, ஆறடி கனத்துக்கு ஒரே களிமண். அதற்குள் நத்தை ஓடுகளும் மீன் முள்ளும். சட்டி உடைசல் ஒன்றுகூட இல்லை, அடுப்புச் சாம்பல் இல்லை, சுவரின் சுவடு இல்லை. களிமண்ணின் நடுவில் கிடைத்த கரித்துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பினாள். ஆயிரத்து நூறு வருடம், ஐம்பது முன்னே பின்னே என்று பதில் வந்தது. அதாவது மகான் பிறந்த அன்று இந்த இடத்தில் மாளிகையும் இல்லை, குடிசையும் இல்லை. ஏரி இருந்தது. இங்கே பிறந்திருந்தால் அவர் மீனாகத்தான் பிறந்திருக்க வேண்டும்.

"போதும்டி" என்றாள் அக்கா. "என் வயித்துல பால வார்த்த."

"ஒரு குழிய வெச்சு ஏரின்னு சொன்னா குட்டைன்னு தள்ளிடுவாங்க. இன்னும் நாலு இடத்துல பாத்தாகணும்."

"நாலு என்ன, பத்து போடு. எங்க கிச்சன்லயும் போடு. பக்கத்து வீடெல்லாம் நான் கேட்டு வாங்கித் தரேன்."

கையால் திருகி இறக்கும் இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு தங்கை வீடு வீடாகப் போனாள். அக்கா கூடவே போய், கட்டிலை நகர்த்தச் சொல்லி, அரிசி டின்னை நகர்த்தச் சொல்லி, பதினான்கு வீட்டிலும் தரையில் ஓட்டை போட வைத்தாள். பதினான்கிலும் அதே சாம்பல் களிமண். தங்கை வரைபடத்தில் எல்லா ஓட்டைகளையும் வளைத்து நீலக் கோடு ஒன்றை இழுத்தாள். அழகான கோடு. பதினெட்டு வருடத்தில் இவ்வளவு துல்லியமாக ஒரு கரையை அவள் வரைந்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அறிக்கையின் கடைசி வரியில், 'மகான் இங்கே பிறக்கவில்லை' என்று எழுதக் கை துறுதுறுத்தது. ஆனால் தொல்லியல்காரர்கள் அப்படி எழுத மாட்டார்கள். ஒன்று கிடைத்தால் கிடைத்தது என்பார்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பார்கள். இல்லவே இல்லை என்று செத்தாலும் சொல்ல மாட்டார்கள். 'மகானின் பிறப்பு நிகழ்ந்த காலத்தில் இவ்விடம் ஏரியாக இருந்தது. அக்காலக் குடியிருப்புக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மூன்று வாரம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏய் மண்ணு, உடனே கிளம்பி வா. அறக்கட்டளையில இருந்து புது நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருக்காங்க."

கையெழுத்துப் பிரதி அச்சகத்து மேசைமேல் கிடந்தது. 'நீர்மேல் பிறந்தருளிய மகான்' என்று தலைப்பு. 'மகானின் பிறப்பு நிகழ்ந்த காலத்தில் இவ்விடம் ஏரியாக இருந்தது' என்ற அவளுடைய வாக்கியம், மேற்கோள் குறிக்குள், அரசுத் தொல்லியலாளரின் கூற்று என்ற அடிக்குறிப்போடு. அதற்கடுத்த வாக்கியத்தைக் காணோம். கீழே, நீலக் கோட்டோடு வரைபடம். கோட்டுக்குள் பதினான்கு வீடு. அக்காவின் சமையலறையில் சரியாக ஒரு புள்ளி.

தங்கை நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கம்மா. உங்களுக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்."

"சார், ஏரின்னா அங்க யாரும் குடியிருக்க முடியாதுன்னு அர்த்தம்."

"அதானம்மா அற்புதம். வீட்ல பிறக்கறதுக்கு யாராலதான் முடியாது? நானே வீட்லதான் பிறந்தேன்."

"அங்க பிறந்தார்னு நான் எழுதவே இல்லயே."

"பிறக்கலேன்னும் எழுதலையே" என்றார், நாற்காலியில் சாய்ந்திருந்த ஆதாரம். முதல் தடவையாக அவர் மடியில் நிஜமான ஆதாரம் ஒன்று இருந்தது. அவளுடைய அறிக்கை, முத்திரையோடு. "மத்த மூணு ஊர்லயும் வெறும் அறைதாம்மா. நம்மகிட்ட மட்டும்தான் ஏரி."

நீதிமன்றத்தில் அவள் சாட்சி சொன்னாள். அறக்கட்டளை வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அந்தப் பதினான்கு வீடுகளுக்கு அடியில் மகான் காலத்து ஏரி இருப்பது உண்மையா, இல்லையா? விளக்க ஆரம்பித்தவளை, ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும் என்றார்கள். உண்மைக்குப் புறம்பாக அவளுக்குப் பேச வராது. ஆம் என்றாள். திருத்தலத்துக்கே நிலம் தேவைப்படுகிறது என்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள்.

"என் கிச்சனை ஏன்டி நோண்டின?"

"நீதானக்கா நோண்டச் சொன்ன."

"நான் ஆயிரம் சொல்வேன். படிச்சவ நீதானே."

அச்சு இயந்திரத்தை நான்கு பேர் தூக்கி வண்டியில் ஏற்றிய நாளில் தங்கை போய் நின்றாள். அக்கா அவளிடம் ஒரு கட்டுக் காகிதத்தை மட்டும் நீட்டி, "பிடி, நனையாம வை" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அக்காவின் பிள்ளை மூலமாகத்தான் பேச்சு.

வீடுகளை இடித்து ஏரியை மீட்கிற வேலை தொடங்கியபோது, யாரும் கூப்பிடாமலே தங்கை போய்த் தலைவரிடம் ஒன்று சொன்னாள். தண்ணீரைத் தாங்குவது அந்தக் களிமண்தான், அதைத் தொடாதீர்கள், கீழே வெறும் மணல்.

"ஏரின்னா ஆழம் வேணும்மா" என்றார் தலைவர். "அன்பர்கள் ஏமாந்துடக் கூடாது."

இயந்திரங்கள் வந்து ஆறடிக் களிமண்ணையும் நத்தை ஓடுகளோடு சுத்தமாக வழித்து எடுத்தன. செங்கல் சூளைக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். திறப்பு விழாவுக்குப் பெரிய குழாய் போட்டு ஏரியை நிரப்பினார்கள். அமைச்சர் நாடாவை வெட்டினார், ஆதாரம் முக்கால் மணி நேரம் பேசினார், அன்பர்கள் படிக்கட்டில் இறங்கிக் கால் நனைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் கடைசிப் படிக்குக் கீழே ஈர மணல் தெரிந்தது.

இப்போது ஏரிக்கு வாரத்தில் இரண்டு முறை லாரியில் தண்ணீர் வருகிறது.