மாதம் ஒரு கையெழுத்து

கேட்டை யாரோ படபடவென்று தட்டினார்கள். வருமான வரி பாரத்தில் தம்பி பாஸ்கலின் பெயரை எழுதிக்கொண்டிருந்த எல்ஸியின் பேனா கோடு தாண்டி இழுத்தது.

வாசலில் ஹோண்டா மோட்டார் சைக்கிள். அதிலிருந்து இறங்கியவன் பழைய கவர் ஒன்றை நீட்டினான். அவள் கிராணியாக, அதாவது கிளார்க்காக, இருக்கும் பள்ளிக்கூடத்துக் கவர். பின்னால் அவளுடைய ஈப்போ வீட்டு விலாசம். எந்தக் கவரானாலும் விலாசம் எழுதிவிடுவது அவள் வழக்கம்.

“கோப்பெங்லேருந்து வாரேன். என் பேரு அர்ச்சுனன். பாஸ்கல் அண்ணே காலையில எந்திரிக்கல லா. சட்டைப் பையில இதான் இருந்துச்சு.”

“இப்ப எப்படி இருக்கான்?”

“போயிட்டாரு.”

எல்ஸி டாக்சி பிடித்தாள். தம்பி வீடு எதுவென்று அவளுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிள் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனது.

வேலை பார்த்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பாஸ்கலுக்கு நாற்பத்தொரு வயது. முதுகு போய்விட்டது, யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. மாதம் எண்பது வெள்ளிப் பணம் அக்காள்தான் கொடுத்தாள். “சோறு போடுற ஆளு இருந்தா வரியில கழிப்பாங்க லா. ரசீது மட்டும் வாங்கி வெச்சுக்குங்க” என்று ஆபீசில் பழனியப்பன் சொன்னார். பணம் வாங்கும்போது அவன் கையெழுத்துப் போட நோட்டு ஒன்று வாங்கினாள்.

முதல் தடவை பாஸ்கல் சிரித்தான். “கையெழுத்து போதுமா, கட்டைவிரலும் வேணுமாக்கா?”

“வாய அடக்கு. பேர முழுசா எழுது.”

தம்பிக்கெல்லாம் கழிவு கிடையாது என்று வரி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. வருஷா வருஷம் பாரத்தில் அவன் பெயரை எழுதினாள். அவர்களும் வருஷா வருஷம் அதை அடித்துவிட்டார்கள். நோட்டையும் நிறுத்தவில்லை. அது இல்லாவிட்டால் கேட்டிலேயே பணக் கவரை வாங்கிக்கொண்டு போய்விடுவான். கையெழுத்துப் போடவாவது மேசையில் வந்து உட்கார்ந்தான். ஒரு தேத்தண்ணி குடித்தான்.

டாக்சியில் அவள் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டே வந்தாள். கூடப்பிறந்தவள் ஏழு வருஷமாக எட்டிக்கூடப் பார்க்கவில்லையா என்று யாராவது கேட்பார்கள்.

யாரும் கேட்கவில்லை. பலகை வீட்டில், பெஞ்சின் மேல் பாஸ்கல் கிடந்தான். கையில் யாரோ ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். வலது ஆள்காட்டி விரலில் பேனா மை.

பக்கத்து வீட்டு இருளாயி நாற்காலியை முந்தானையால் துடைத்து, தலைமாட்டில் போடாமல், வாசல் பக்கம் விருந்தாளிக்குப் போடுவதுபோல் போட்டாள். கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

“உக்காருங்கம்மா. ‘தோட்டம் போனாலும் எனக்கு சம்பளம் நிக்கல, மாசாமாசம் ஈப்போவுல கையெழுத்து போட்டு வாங்குறேன்’னு பெருமையா சொல்லுவாரு. சொந்தக்காரங்கன்னு ஒருத்தரும் இல்ல, பாவம். ஆபீஸ்லேருந்து நீங்களாச்சும் வந்தீங்களே, கிராணியம்மா.”