ஓட்டுப் போடப் போன ஏழு பேர்

அச்சுக்கூடத்தின் பைண்டிங் பிரிவில் காலையிலிருந்து ஒருவரும் தலை நிமிரவில்லை. கீழ்த்தளத்து இயந்திரம் துப்பத் துப்பத் தாள்கள் மேலே வந்துகொண்டே இருந்தன. நீண்ட மேசையின் இருபுறமும் நின்ற பெண்கள் தாளை இழுத்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, மரக்கட்டையால் மடிப்பை அழுத்தி, அடுத்தவள் பக்கம் தள்ளினார்கள். பெரியக்கா மட்டும் உட்கார்ந்து மடித்தாள். முழங்கால் வீக்கம் அவளுக்கு அந்த முக்காலியை வாங்கிக் கொடுத்திருந்தது.

மதியத்துக்கு முன்பே அட்டை வந்துவிட்டது. மசி காயாத அட்டை. அதில் முதலாளி சிரித்தார். முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டும் படம். முடிவு வந்த கையோடு கடைகளுக்குப் போகவேண்டிய வெற்றிச் சிறப்பிதழ்.

"அதுக்குள்ள ஜெயிச்சாச்சா?" என்றாள் பக்கத்தில் நின்றவள். உயரத்தை வைத்து எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஜெயிக்காட்டி இவ்வளவையும் பொட்டலம் கட்டத்தான் போடணும்" என்றாள் எதிரே இருந்தவள். மேசை முழுவதும் சிரிப்பு ஓடியது.

பெரியக்கா சிரிக்கவில்லை. "அது கிடக்கட்டும், நாம எப்ப ஓட்டுப் போடப் போறது?"

மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "வேலை முடிஞ்சதும் போலாம். யாரு வேண்டாம்னா?"

"அஞ்சு மணிக்குச் சாவடியைச் சாத்திடுவாங்க. இது ராத்திரி வரைக்கும் இழுக்கும்."

"முதலாளி எலெக்‌ஷன்ல நிக்கிறாரு. நீங்க வேலையை முடிச்சுக் குடுக்கறதுதான் அவருக்குப் போடற ஓட்டு" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார்.

முதலாளியை அவருக்கு மீசை முளைக்கும் வயதிலிருந்தே பெரியக்காவுக்குத் தெரியும். தானியக் கிடங்கொன்றில் எடுபிடியாக இருந்தவன், மொத்த விலைகளை விசாரித்து வந்து ஒற்றைத் தாளில் அடித்துக் கடை கடையாக விற்றான். வாடகை அறை ஒன்று, சன்னல் கிடையாது. தரையில் எதிரெதிராக உட்கார்ந்து அவனும் அவளும்தான் மடிப்பார்கள். "அக்கா, இது வித்தாத்தான் இன்னிக்கு நமக்குச் சோறு" என்பான். இருப்பதைப் பாதியாகப் பிட்டு அவளுக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் உண்பான். அதைப் பொய் என்று அவள் ஒருநாளும் சொல்லமாட்டாள்.

தாள் வாரப் பத்திரிகை ஆயிற்று. விலை எழுதிய இடத்தில் பங்குச் சந்தை வந்தது, கம்பெனி அதிபர்களின் பேட்டிகள் வந்தன. அவன் அவராகி, மாடிக்கு மேல் மாடி எழும்பியது. அவர் பத்திரிகையில் பெயர் வர அமைச்சர்களே ஆள் விட்டார்கள். பிறகு மேடைகளில் பேசக் கூப்பிட்டார்கள். வியாபாரம் தெரிந்தவன்தான் நாட்டை நடத்தவேண்டும் என்று வாராவாரம் எழுதி எழுதி, கடைசியில் ஒரு கட்சி அவரையே நாடாளுமன்றத்துக்கு நிறுத்திவிட்டது. எழுதியதையெல்லாம் மடித்தவள் பெரியக்கா.

மூன்று மணி தாண்டியதும் அவரே வந்தார். பின்னால் நாலைந்து வெள்ளைச் சட்டைகள். மேசையோரம் நடந்து, ஒரு பிரதியை எடுத்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார். பெரியக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னக்கா, கால் எப்படி இருக்கு?"

"காலு இருக்கட்டும் தம்பி. ஒரு மணி நேரம் மெஷினை நிறுத்தச் சொல்லு. ஓட்டுப் போட்டுட்டு ஓடி வந்துடறோம்."

கூட வந்தவர்களைப் பார்த்து அவர் சிரித்தார். "நம்ம வீட்டு ஓட்டு எங்கக்கா போயிடும்? உங்க நாலு ஓட்டு விழாமலா நான் தோத்துடப் போறேன்?"

"உனக்குத்தான் போடுவேன்னு யாரு சொன்னா?"

மரக்கட்டைகள் ஓசை அடங்கின. முதலாளியின் சிரிப்பு வாயில் மட்டும் மிச்சம் இருந்தது.

"அக்கா எப்பவும் தமாஷ்தான்" என்றார். வாசல்வரை போனவர் மேனேஜரின் காதோரம் குனிந்து, "இன்னிக்கு மெஷின் நிக்கக் கூடாது" என்று சொன்னது கடைசி மேசைவரை கேட்டது.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் பெரியக்கா முந்தானையிலிருந்த காகிதத் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?" என்றார் மேனேஜர்.

"சொல்லிட்டுத்தானே போறேன்? ஓட்டுப் போட."

"போனா போனதுதான். நாளைக்கு வந்து நிக்காத."

"நாளைக்கு விஷயத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்."

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். பாதிப் படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நெட்டை. அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர்.

"எனக்குப் பயமா இருக்குக்கா. வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, தெரியுமில்ல?" என்றாள் நெட்டை.

"தெரியும். வேணும்னா திரும்பிப் போ, தப்பா நினைக்கமாட்டேன்."

நெட்டை அவள் கையைத் தன் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

சாவடியைச் சாத்துவதற்குள் ஏழு பேரும் போட்டுவிட்டார்கள். யாருக்கு என்று ஒருத்தியை ஒருத்தி கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அச்சுக்கூடத்தின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அன்றிரவே ஓட்டுகளை எண்ணி, மறுநாள் விடிவதற்குள் முடிவு வந்துவிட்டது. முதலாளி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். வாசலில் பட்டாசுக் காகிதம் குவிந்து கிடக்க, சிறப்பிதழ் ஏற்றிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. வேலைக்கு வந்தவர்களைக் காவல்காரர் வரிசையில் நிறுத்தினார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"கையைக் காட்டுங்கம்மா. மேனேஜர் உத்தரவு. மை இருந்தா ஓரமா நிக்கணுமாம்."

நெட்டையின் விரலைப் பெரியக்கா அப்போதுதான் பார்த்தாள். மண்ணெண்ணெயும் செங்கல் தூளும் போட்டு இரவெல்லாம் தேய்த்திருக்கிறாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. நகக்கண்ணில் மை அப்படியே இருந்தது.

"போகமாட்டேங்குதுக்கா" என்றாள் நெட்டை.

"எதுக்குப் போகணும்? திருடிட்டா வந்தோம்?"

பெரியக்கா கதவுக்கு நேர் எதிரே, வண்டிகள் வெளியே வரும் பாதையில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். நெட்டை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். உள்ளே அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. ஒருத்தியும் அசையவில்லை.

காவல்காரர் அவர்களைச் சுற்றிக்கொண்டு வரிசைக்குப் போனார். அடுத்து நின்ற பெண்ணின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. நீ உள்ள போ."