வால் போன எழுத்து

கேரளத்து வடக்காஞ்சேரியில் வாத்தியார் மாதவனுண்ணி மாஷை எல்லோரும் 'சுதந்திர மாஷ்' என்றுதான் சொல்வார்கள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் எழுதிய கோப்பை யாராவது அனுப்பினால், "இந்தப் பூட்டுக்குச் சாவி என்கிட்ட இல்லே மோனே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய கணினியிலும் அது நன்றாகவே திறக்கும். மனுஷனுக்குப் பிடிவாதம், அவ்வளவுதான்.

மாஷ் பயிற்சி முகாம் முகாமாக அலைய, படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று தபால் ஆபீஸ் வேலையை விட்டவள் அவர் மனைவி சுமங்கலா. சமையலறை வேலை ஓய்ந்த நேரங்களில் நாற்பது கவிதைகள் எழுதியிருந்தாள். அதில் ஒன்று 'எல்லாம் கொடுத்தது அவன்' என்று முடியும். அந்த 'அவன்' யார் என்று ஊருக்கே தெரியும். மாஷ் போகிற மேடையிலெல்லாம் அந்த வரியைச் சொல்லிப் பூரித்துப்போவார்.

சுமங்கலாவுக்குப் புற்று முற்றிவிட்டது, மூன்று மாதம்தான் என்று டாக்டர் கைவிரித்த அன்று அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புத்தகத்தை நான் கையில வாங்கணும். தப்பில்லாம இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மாஷே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அச்சகக்கார இட்டூப் தலையைச் சொறிந்தான்.

"மாஷே, ஒங்க ஃபைல் எங்க மெஷின்ல நேரா ஏறாது. எங்க வடிவத்துக்கு மாத்திக் குடுங்க. குடுத்துட்டு ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போயிடுங்க."

"மாத்தித் தரேன். ஆனா காசு குடுத்து வாங்கின அந்தச் சனியன் முன்னாடி நான் உக்காரமாட்டேன், இட்டூப்பே. என் வீட்ல சரியா இருக்கு, அங்கயும் சரியாத்தான் இருக்கும்."

"அப்ப சேச்சியாவது ப்ரூஃப் பாக்கட்டுமே?"

"அவளைப் படுத்தாதே. அடிச்சுடு."

மலையாளத்தில் 'ன்' என்பதற்கு வால் வைத்த ஒரு தனி வடிவம் உண்டு. சில்லு என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியைச் சேர்த்து அந்த வாலை வரவழைப்பது மாஷின் பழைய வழக்கம். அச்சகத்து இயந்திரம் அந்தக் குறியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. வால் போய், எழுத்தின் தலையில் ஒரு பிறை வந்து உட்கார்ந்துகொண்டது. சில இடங்களில் அர்த்தமே புரண்டுவிடும். வால் இருந்தால் 'அவன்', இல்லாவிட்டால் 'அவனுக்கு'.

இருநூறு பிரதிகளும் வந்து இறங்கின. சுமங்கலா ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள்.

"மாஷே, எல்லா வாலும் அறுந்துபோச்சே!" என்று சிரித்தாள். "உங்க வரியப் பாருங்க."

பார்த்தார். 'எல்லாம் கொடுத்தது அவனுக்கு.' முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு என்னோடதுதான் சுமே. மறுபடி அடிக்கச் சொல்றேன்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே. ஒரு பென்சில் குடுங்க."

"மொதல்ல அந்த வரியத் திருத்து."

"ம்," என்றாள்.

அன்றிலிருந்து காலைக் கஞ்சி குடித்ததும் தலையணையில் சாய்ந்துகொண்டு திருத்துவாள். பிறையை இழுத்து எழுத்தின் காலோடு சேர்த்தால் வால் ஆகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு பிரதி, கை நடுங்காத நாளில் மூன்று. அறுபத்தோராவது பிரதியை மூடி வைத்த மறுநாள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலை இட்டூப் வந்தான். மாஷ் புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். மீதியைத் தானே திருத்துவதாக முடிவு செய்திருந்தார். அவள் வாலை எப்படி இழுத்திருக்கிறாள் என்று பார்க்க முதல் பிரதியை எடுத்து, அந்தக் கவிதைக்குப் போனார். பக்கம் முழுக்கத் திருத்தியிருந்தாள். கடைசி வரியில் மட்டும் பிறை அப்படியே இருந்தது. அதன்மேல் பென்சில் முனையை வைத்து எடுத்த ஒரு புள்ளி.

கண் தவறியிருக்கும் என்று அடுத்ததை எடுத்தார். அதிலும் அப்படித்தான். பிறகு வரிசையாக எடுத்துக்கொண்டே போனார். அறுபத்தோரு பிரதியிலும் அந்த ஒரு வரியை அவள் தொடவில்லை.

தபால் ஆபீஸ் வேலை நினைவுக்கு வந்தது. அம்மாவின் படுக்கை நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் மேடையில் தான் சொல்லித் திரிந்த வரி நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. மாஷ் வாய்விட்டு அழுதார்.

வெகுநேரம் கழித்து அறுபத்திரண்டாவது பிரதியை எடுத்தார். ஒவ்வொரு வாலாக இழுத்துக்கொண்டே வந்தவர் அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"மாஷே, அங்க ஒண்ணு விட்டுப்போச்சு," என்றான் இட்டூப்.

"அது தப்பில்லே, இட்டூப்பே."